கொழும்பிலே கண்ணகி கதை

அம்மன் கதைகளைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்னும் ஆவல் தமிழிலே இன்று நேற்றுத் தோன்றியதன்று. பாரதியார் 1912 இலே பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தலில் ஒரு நாட்டின் மானத்தையே காட்டினார். புதுமைப்பித்தன் 1943 இலே, இராமனால் உயிர்பெற்ற அகலிகையை மறுபடியும் கல்லாக்கினார். சீதை தீக்குளித்த செய்தி அவள் காதில் விழுந்ததே அதற்குக் காரணம். கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே 1956 நவம்பர் 3 ஆம் நாள் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' என்னும் சிங்கள நாடகம் மேடையேறியது. பழைய ஜாதகக் கதையிலே கணவனைக் காட்டிக்கொடுத்த பாதகியாக நின்ற இளவரசி, அந்த நாடகத்திலே தடுமாறும் மனமுள்ள ஒரு பெண்ணாக நின்றாள். கதையின் எலும்பு மாறவில்லை. கேட்பவர் தீர்ப்புச் சொல்வதுதான் கடினமாயிற்று. பழங்கதையைப் புதுக்குதல் என்பது இதுவே.

இத்தகைய முயற்சியொன்றைக் கொழும்புத் தமிழர்க்காகத் திட்டமிட விரும்புவோர் எந்த அம்மனை எடுத்துக்கொள்வது? தெய்வங்களுக்குக் குறைவில்லை. முகத்துவாரத்திலே காளி இருக்கிறாள். வெள்ளவத்தையிலே மயூரபதி பத்திரகாளி இருக்கிறாள். கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்து 1912 இலே குடமுழுக்குச் செய்வித்த பொன்னம்பலவாணேசர் கோயிலிலே, சிவகாமசுந்தரி இருக்கிறாள். தமிழரோடு சிங்கள மக்களும் வந்து கைகூப்பும் சந்நிதிகள் இவை. ஆயினும் காளியும் சிவகாமியும் தெய்வமாகவே தோன்றியவர்கள். மனிதப் பெண்ணாகப் பிறந்து, கணவனை இழந்து, அழுது, வழக்குரைத்து, பின்னரே தெய்வமானவள் கண்ணகி ஒருத்தி. அவளையே சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். ஒரே கதையை இரண்டு மொழியினர் தத்தம் தாய்மாரிடமிருந்து கேட்டு வளர்ந்த நாடு இது. எழுத்தாளருடைய கை இயல்பாகவே அந்தக் கதையை நோக்கி நீளும்.

நீண்ட கை எங்கே பற்றுவது என்பதுதான் வினா. கண்ணகி கதை ஒன்றன்று.

இளங்கோவடிகளின் கண்ணகியைத் தமிழ் கற்றோர் அறிவர். உ. வே. சாமிநாதையர் 1892 இலே சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். காரைதீவிலே விபுலானந்த அடிகள் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். பிற்காலத்திலே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிநிலையாகக் கொண்டு யாழ்நூலை ஆக்கிய அந்தத் துறவி, கண்ணகியை முதலில் அச்சுப் புத்தகத்திலே சந்தித்திருக்க மாட்டார். அவர் பிறந்த ஊரிலே கண்ணகிக்குக் கோயில் உண்டு. அக்கோயில்களிலே வைகாசி மாதந்தோறும் ஏட்டிலிருந்து பாடப்பட்டு வந்தது வேறொரு நூல். அதற்குக் கண்ணகி வழக்குரை என்று பெயர். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1968 இலே அதனைப் பதிப்பித்தார். அங்கே, கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி வேண்டும் என்று மீகாமன் கப்பலேறிப் புறப்படுகிறான். வெடியரசனோடு கடலிலே பொருகிறான். வெடியரசன் இருந்து ஆண்ட இடம் நெடுந்தீவு என்பது யாழ்ப்பாணத்து மரபு. மதுரையிலே உடைந்து தெறித்த மணி இலங்கைக் கடலைத் தாண்டிப் போன மணி என்று ஈழத்துப் புலவன் சொல்லியிருக்கிறான். சேரநாட்டுத் துறவிக்குத் தெரியாத செய்தி இது!

மூன்றாவது, சிங்கள மக்களின் பத்தினி. பாண்டியனுக்கு நெற்றியிலே மூன்றாவது கண் ஒன்று உண்டு. அவனுடைய சோலையிலே தொங்கும் மாங்கனியை எவராலும் வீழ்த்த இயலவில்லை. இந்திரன் கிழ வில்லாளியாக வந்து அம்பெய்கிறான். கனி விழும்போது அதன் சாறு பட்டுப் பாண்டியனுடைய மூன்றாவது கண் அவிகிறது. அந்தக் கனியைப் பேழையிலிட்டு ஆற்றில் விடுகிறார்கள். அதிலிருந்து பத்தினி பிறக்கிறாள். கம்மடுவ என்னும் சடங்கிலே இந்த அம்பெய்தலையும், பாலங்க என்று அவர்கள் பெயரிட்டழைக்கும் கோவலன் கொலையுண்டு மீண்டெழுதலையும் நடித்தே காட்டுவார்கள். கண்டிப் பெரஹராவிலே பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் சேர்ந்து வருவதையும், கொழும்புக்குக் கிழக்கே நவகமுவையிலே அவளுக்குப் பழைய தேவாலயம் ஒன்று இருப்பதையும் நேயர்கள் அறிந்திருக்கலாம். மட்டக்களப்புக் கண்ணகி கோயிற் பூசகரைக் கப்புகனார் என்பர். சிங்களத் தேவாலயத்துப் பூசகரைக் கப்புறாள என்பர். சொல்லே உறவு சொல்லுகிறது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரு புதுக் கண்ணகியைச் செய்துவிடலாம் என்று தோன்றும். அது கூடாது. மூன்று ஊர்க் குழம்பை ஒரே சட்டியில் ஊற்றினாற்போல் ஆகும். ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, மற்றவற்றை வேண்டிய இடத்திலே ஒலிக்கச் செய்வதே முறை. எதை அடிப்படையாகக் கொள்வது என்பதற்கு விடை, கதை எங்கே சொல்லப்படப் போகிறது என்பதிலே இருக்கிறது.

செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் செல்லும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கியது. அந்தத் தேர்ப்பாதையின் ஒரு முனை கொட்டாஞ்சேனையை அடுத்திருக்கிறது. மறுமுனை வெள்ளவத்தையிலே இருக்கிறது. வெள்ளவத்தையிலே, ஐம்பத்தேழாவது ஒழுங்கையில், 1942 இலே தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே கூடுவோர் சிலப்பதிகாரம் படித்தவர்கள். ஒரு சொல் பிசகினாலும் எழுந்து திருத்துவார்கள். கொட்டாஞ்சேனையிலே துறைமுகத் தொழிலாளரும், சிறு வியாபாரிகளும், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும், தமிழ்க் கத்தோலிக்கரும், அவர்களுக்குப் பக்கத்திலே செட்டியார் தெரு நகைப்பட்டறைகளிலே ஊதுகுழலோடு குனிந்திருக்கும் பொற்கொல்லரும் வாழ்கிறார்கள். இவர்களிலே பலருக்குக் கண்ணகி என்றால் திரைப்படம். 1942 இலே வந்த 'கண்ணகி', 1964 இலே வந்த 'பூம்புகார்' ஆகியவற்றின் வழக்குமன்றக் காட்சிகளே அவர்கள் காதிலே நிற்பவை. இளங்கோவடிகள் அந்த வழக்கைச் சில அடிகளிலே முடித்துவிட்டார் என்பதையும், பாண்டியன் வாதம் புரியாமல் உண்மை தெரிந்த மாத்திரத்திலே வீழ்ந்து இறந்தான் என்பதையும் சொன்னால் வியப்படைவார்கள்.

இவ்விரு கூட்டத்தாரையும் ஒருங்கே கருதித்தான் கதையைத் திட்டமிட வேண்டும். அவர்களை ஒன்றாக இருத்தும் ஒரு நினைவு உண்டு. அந்த நினைவைத் தொடாமல் கண்ணகி கதையைக் கொழும்பிலே சொல்ல முடியாது. அதுதான் தீ.

மதுரை எரிகின்ற கட்டம் எந்த ஊரிலும் நாடகத்தின் உச்சமாகக் கருதப்படும். சென்னையிலே அந்தக் காட்சிக்குக் கைதட்டுவார்கள். கொழும்பிலே யார் கைதட்டுவது? 1983 ஜூலை 23 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொறளையிலே மூண்ட தீ, 25 ஆம் நாள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிந்தன. கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தன என்று பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அன்று எரிந்த வீட்டுக் குழந்தைகள் இன்று பேரன் பேத்தி கண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையிலே சிவப்பு விளக்கும் புகையும் காட்டி, ஒரு நகரம் எரிவதை வெற்றியாகக் கொண்டாடச் சொல்வது எழுத்தாளருடைய அறியாமையைத்தான் காட்டும்.

ஆனால் அந்தக் காட்சியை நீக்கிவிடுவதும் சரியன்று. தீயில்லாத கண்ணகி கண்ணகியாகாள். இளங்கோவடிகள் அந்த இடத்திலே செய்திருக்கும் ஒரு காரியத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். தீக்கடவுள் வந்து, யார் யார் பிழைத்தற்குரியர் என்று கேட்கிறான். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடு. தீயவர்பால் மட்டும் செல் என்று கண்ணகி பணிக்கிறாள். கணவனைப் பறிகொடுத்த ஆத்திரத்தின் உச்சியிலும் அவள் ஒரு பட்டியல் சொல்லுகிறாள். அது விலக்க வேண்டியவர்களின் பட்டியல். 1983 இலே காலி வீதியிலே திரிந்த பட்டியல் அதற்கு நேர்மாறானது. இரண்டு பட்டியல்களையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யும் நாடகம், யாரையும் ஏசாமலே எல்லாம் சொல்லிவிடும். காட்சியே வேண்டியதில்லை, ஒரு குரல் பெயர்களை வாசித்தாற் போதும். வானொலிக்கு இது வாய்ப்பான இடம்.

இன்னொன்றும் உண்டு. ஆடி மாதத்திலே கண்ணகிக்கு விழா எடுத்தவன் கயவாகு என்னும் இலங்கை மன்னன் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. கொழும்பு எரிந்ததும் ஆடி மாதத்திலேதான்.

கயவாகுவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. பத்தினி வழிபாட்டை அவனே கொண்டுவந்தான் என்று தமிழர் சிலப்பதிகாரத்தைக் காட்டுவர். சிங்களவர் இராஜாவலியவைக் காட்டுவர். மகாவமிசமோ அதைப் பற்றிப் பேசவில்லை. கணநாத் ஒபயசேகர 1984 இலே வெளியிட்ட பெருநூலிலே, கயவாகு கதையை வரலாறாகக் கொள்ள முடியாது என்று விரிவாக வாதிட்டார். நாடகம் எழுதுவோர் அந்த மன்னனை விரும்பினாற் கொள்ளலாம். ஆனால் அவனை மேடையேற்றி, இரு இனத்தாரும் அன்றே கைகோத்துக்கொண்டனர் என்று முழங்கவைப்பது இலகுவான பசப்பு. இலங்கை கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு அது.

அடுத்தது பொற்கொல்லன். திட்டமிடுவோர் தூக்கத்தை இழக்க வேண்டிய இடம் இதுவே.

அரசியின் சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். பழியைக் கோவலன் மேலே போட்டவனும் அவனே. கதை அவனோடு நின்றிருந்தால் தீங்கில்லை. சிலப்பதிகாரத்தின் முகப்பிலே உள்ள உரைபெறு கட்டுரையை மறுமுறை படிக்க வேண்டும். கண்ணகி சென்ற பின் பாண்டிநாடு மழையின்றி வறண்டது. வெப்புநோயும் கொப்புளமும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று பத்தினிக்குப் பலியிட்டான், மழை பெய்தது, நாடு நலம் பெற்றது. பின்னர் நீர்ப்படைக் காதையிலும் அச்செய்தி வருகிறது. பள்ளிக்கூடத்திலே சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம்.

ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் பேர். அவர்கள் செய்த குற்றம் அதே உலையில் ஊதியது. பதின்மூன்று பேரின் சாவுக்குப் பழியாக ஒரு நகரத்துத் தமிழர் அனைவரும் எரியுண்டபோது நடந்ததும் இதே கணக்குத்தான். தமிழ்க் கேட்போர் இந்த ஒப்புமையை உடனே பற்றிக்கொள்வர். ஏனெனில் அங்கே அவர்கள் பொற்கொல்லரின் பக்கம் நிற்கிறார்கள். நாடகம் அத்தோடு நின்றுவிடலாகாது. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது. இறந்தோரிலே கொட்டாஞ்சேனைப் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர் பலர். அடுத்த மே மாதத்திலே வடமேற்கு மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அக்குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது கொழும்புத் தமிழ் வீடுகளிலே என்ன பேசப்பட்டது? மழை பெய்ததே என்று ஆறுதலடைந்தவர் ஒருவரும் இல்லையா? கொற்கை வீதியிலே நின்று, ஆயிரம் பேர் இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்திருந்த சாதாரணக் குடிமகன் ஒருவனுக்கு நாடகத்திலே குரல் கொடுக்க வேண்டும். அவன் கொடியவனாக இருக்கலாகாது. பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் கண்டு, வேப்பிலை கட்டிய வாசலிலே மழைக்காக ஏங்கிநிற்கும் ஒரு தந்தையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கேட்போர் தம்மை அவனிடத்திலே காண்பர்.

இவ்வளவு தீயையும் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு நாடகம் எங்கே போய் முடிவது? இளங்கோவடிகள் வஞ்சிக்குப் போனார். இமயத்துக் கல், சேரன், படிமம் என்று அரசியல் மாட்சியோடு முடித்தார். ஈழத்து மரபு வேறு வழியிலே போயிற்று. தமிழ்நாட்டிலே பெரிதும் மறைந்துபோன ஒரு முடிவு இந்தத் தீவிலே இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் குளிர்த்தி.

மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களிலே வைகாசிச் சடங்கின் நிறைவாக நிகழ்வது திருக்குளிர்த்தி. அம்மன் தலைநகரை எரித்துவிட்டு வருகிறாள். அவள் நெஞ்சிலே புண். உடலெல்லாம் வெம்மை. ஆயர் குலத்துப் பெண்கள் வெண்ணெயும் தயிரும் கொண்டு அந்த வெம்மையைத் தணிக்கிறார்கள். அதைப் பாடலாகப் பாடி, நீரும் வேப்பிலையும் கொண்டு அம்மனைக் குளிர்விப்பார்கள். அம்மன் குளிர்ந்தாலே மழை. அம்மன் குளிர்ந்தாலே நோய் தணியும். முல்லைத்தீவு வற்றாப்பளையிலே கதை இன்னும் எளிமையாக இருக்கிறது. நந்திக்கடலோரத்திலே கால்நடை மேய்த்த சிறுவர்களிடம் களைத்துப்போன கிழவி ஒருத்தி வந்து பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்த்து எரியுங்கள் என்கிறாள். தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். முடியை விலக்கிப் பார்த்த சிறுவர்கள் தலை முழுவதும் கண்களைக் கண்டு திகைக்கிறார்கள். கிழவி மறைந்துவிடுகிறாள்.

மதுரையை எரித்தவள், பிள்ளைகளிடம் பேன் பார்க்கச் சொல்லி அமர்கிறாள். இதைக் கற்பனை செய்த மக்கள் சினத்தைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்தவர்கள். சிங்கள மக்களிடத்திலும் இந்தத் தன்மையே மேலோங்கி நிற்கிறது. குழந்தைகளுக்கு அம்மை போட்டால் ஏழு கிரி அம்மாமாரை, அதாவது ஏழு பாற்றாய்மாரை, அழைத்துப் பத்தினியின் பெயரால் அன்னமிடுவார்கள். எரித்தவளை அவர்கள் பாலூட்டும் தாயாக்கிக் கொண்டார்கள். அங்கும் வேப்பிலைதான்.

கொழும்பிலே சொல்லப்படும் கண்ணகி கதை இந்தக் குளிர்த்தியை அடித்தளமாகக் கொள்ள வேண்டும். நாடகம் புகாரிலே திருமணத்தோடு தொடங்க வேண்டியதில்லை. கடலோரத்திலே கிழவி வந்து உட்காருகின்ற இடத்திலே தொடங்கலாம். சிறுவர்கள் கேட்கிறார்கள்; அவள் சொல்லுகிறாள். சொல்லும்போது புகாரும் மதுரையும் பின்னோக்கி வரும். சிறுவர்களுடைய கேள்விகள் குறும்பாக இருக்கட்டும். கோவலனை ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று ஒரு சிறுவன் கேட்டால், ஆயிரம் ஆண்டுகளாகக் கற்புக்கு இலக்கணம் சொல்லி வந்தோர் வாயடைத்துப் போவர். அவள் விடை சொல்லாமல் இருப்பதும் ஒரு விடை. கீழ்மாகாணத்துக் கொம்புமுறி விளையாட்டிலே ஊர் இரண்டாகப் பிரிந்து, வடசேரி கோவலன் பக்கமாகவும் தென்சேரி கண்ணகி பக்கமாகவும் கொம்பைக் கொம்பிலே பூட்டி இழுப்பார்கள், ஒன்று முறியும். சிங்களவர் இதனையே அங்கெலிய என்று ஆடுவார்கள். கணவனும் மனைவியும் எதிரெதிர் அணி என்று துணிந்து சொன்னவர்கள் நாட்டார். அந்தத் துணிவிலே பாதியாவது நாடகாசிரியருக்கு வேண்டும்.

கண்ணகியைக் காலி வீதியிலே பேருந்திலிருந்து இறக்கி, கையிலே பதாகை கொடுத்து, இக்காலப் பெண்ணாக்கிவிடும் உபாயம் ஒன்று இருக்கிறது. பலர் அதைச் செய்வார்கள். அதிலே கதைக்கு நன்மை இல்லை. பழங்காலத்தைப் பழங்காலமாகவே நிறுத்தி, கேட்பவரையே தம் காலத்தை எண்ணும்படி விடுவதுதான் சரச்சந்திர 'மனமே'யிலே செய்தது. பேராசிரியர் வித்தியானந்தன் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றியபோதும் பழைய கூத்தின் ஆட்டமும் பாட்டும்தான் புதிய பொருளைத் தாங்கின.

குளிர்த்தியிலே தொடங்குவது மரபு தந்த வசதி. புதுக்கம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். அது இது: வெண்ணெய்க் கலயத்தோடு வரும் பெண்களிலே ஒருத்தி ஆயர் குலத்தவள் அல்லள். அவள் கொற்கையிலே கொல்லப்பட்ட ஆயிரவருள் ஒருவனுடைய மனைவி. அவனுடைய பட்டறைக்கும் மதுரைச் சிலம்புக்கும் சம்பந்தமில்லை. தன் கணவனைக் கள்வன் என்று கொன்றார்கள் என்று கண்ணகி கதறிய அதே சொற்களை இவளும் சொல்லும் உரிமை உடையவள். கண்ணகிக்குப் பாண்டியன் அவை இருந்தது. இவளுக்கு அவை எங்கே? யாருடைய பெயரால் கணவன் பலியிடப்பட்டானோ அவள் எதிரிலே அமர்ந்து, வெந்த நெஞ்சைக் காட்டிக் குளிர்வி என்கிறாள். கையிலே வெண்ணெய் இருக்கிறது. அவள் பூசுவாளா?

இந்த இடத்தை மரபு எழுதவில்லை; எழுத்தாளர்தான் எழுத வேண்டும். பூசினாள் என்று எழுதினால் மன்னிப்பை மலிவாக விற்றதாகும். பூசவில்லை என்று எழுதினால் அம்மன் குளிரமாட்டாள்; மழையில்லை. கண்ணகியே எழுந்து அவள் காலைத் தொட்டாள் என்று எழுதலாம். கோயிலார் ஒப்புவார்களா என்று பார்க்க வேண்டும். கண்ணகி அவளிடம் ஒரே ஒரு கேள்வி, உன் கணவன் பெயர் என்ன என்று, கேட்கிறாள் எனவும் எழுதலாம். ஆயிரம் என்ற எண்ணுக்குள்ளே அகப்பட்ட ஒருவனுக்கு முதன்முதலாகப் பெயர் கிடைக்கும். 1983 இலே இறந்தோருடைய பெயர்கள் எல்லாம் எழுதப்பட்ட பட்டியல் ஒன்று இன்றுவரை நிறைவாக இல்லாத நாட்டிலே, அந்தக் கேள்வி வெறும் நாடகக் கேள்வியாக இராது. அந்த நாட்களிலே தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டிலே ஒளித்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். வெண்ணெய்க் கலயம் ஏந்திய மற்றப் பெண்களின் குரல்களிலே ஒன்றைச் சிங்களத்திலே பேசவிடுவதற்கு அது போதிய நியாயம். சமரசப் பேச்சாக அன்று, நடந்த செய்தியாக.

வானொலிக்கு எழுதுவதாயின் சில காரியங்கள் எளிதாகும். சிலம்பு காதுக்குரிய பொருள். அரசியின் சிலம்பிலே பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். வழக்கே அந்த ஒலி வேறுபாட்டிலே தீர்ந்திருக்கலாம். உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு ஒலிகளையும் தொடக்கத்திலேயே கேட்போர் காதிலே பதித்துவிட்டால், பொய்ச் சிலம்பு ஒலிக்கும்போது பாண்டியனுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒற்றைச் சிலம்போடு நடக்கும் பெண்ணின் காலடி, ஓர் அடிக்கு ஒலியும் மறு அடிக்கு மௌனமுமாய் வரும். தீக்கு எந்த ஓசையும் வேண்டாம். குளிர்த்திப் பாடலைச் சங்கீதக் கச்சேரிக் குரலிலே பாடவிடாமல், சடங்கு தெரிந்த மட்டக்களப்புப் பாடகர் ஒருவரைக் கொண்டே பாடுவிக்க வேண்டும். கொழும்பிலே அத்தகையோர் கிடைப்பர், தேடினாற் போதும்.

மொழிநடையிலே இரண்டு அபாயங்கள். வெள்ளவத்தைக்காக எழுதினால் செந்தமிழ் மிகுந்து கொட்டாஞ்சேனைக்கு எட்டாமற் போகும். கொட்டாஞ்சேனைக்காக எழுதுகிறோம் என்று எண்ணி மொழியைக் கீழிறக்கினால், அங்குள்ளோரே அதை அவமதிப்பாகக் கொள்வர்; அவர்கள் கூத்தும் தேவாரமும் திருச்சபைப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். கிழவி மட்டக்களப்புப் பேச்சிலும், சிறுவர் இன்றைய கொழும்புப் பேச்சிலும், பாண்டியன் அவை செந்தமிழிலும் பேசட்டும்.

எழுதி முடித்த பின், அரங்கேற்றத்துக்கு முன்னே, வாசிப்பு ஒன்று வைப்பது முறை. தமிழ்ச் சங்கத்துப் புலவர்கள் வருவார்கள், மீட்டருக்கும் சந்திக்கும் பிழை காண்பார்கள், அது நல்லதே. செட்டியார் தெருப் பட்டறைகளிலிருந்து இரண்டு மூன்று பொற்கொல்லரையும் அழைத்து முன்வரிசையிலே இருத்த வேண்டும். ஆயிரவர் கொல்லப்படும் இடம் வரும்போது ஆசிரியர் ஏட்டைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். எந்த வரியிலே தம் கண்ணைத் தாழ்த்த நேர்கிறதோ, அந்த வரியை அன்றிரவே திருத்திவிடலாம்.